விளக்கு வைத்த பிறகு கொட்டாத குப்பை

கல்கத்தா பாலிகஞ்சில் சாயங்காலம் கூடி உட்காரும் நம் தமிழ்க் கிழவிகள் கூட்டத்தில் என் வங்காளிப் பேச்சுதான் சுத்தம் என்று நீங்கள் எல்லோரும் சொல்வீர்கள். காய்கறிக்காரன்கூட என்னை அவர்கள் ஊர்ப் பிராமண வீட்டுப் பெரியம்மா, மாஷிமா என்று நினைத்து ஏமாந்து போகிறான் என்று சிரிப்பீர்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு வருவேன். அந்த வங்காளியால் யாருக்கு என்ன பிரயோசனம் என்று ஒருத்தியாவது கேட்டதில்லை. கேட்டால் சொல்லியிருப்பேன். அதே மொழியில், என் ஒன்பது பத்து வயதில், இரண்டு சொற்களை நான் திருத்தமாகச் சொன்னேன். பெரியவர்கள் கேட்டுக்கொள்ளவில்லை. ஒரு மனிதர் ஜெயிலுக்குப் போனார்.

அப்பா வைத்திருந்த சின்னச் சணல் ஆலையில் எஞ்சினையும் இயந்திரங்களையும் பார்த்துக்கொண்டவர் அவர். அவரை நான் மிஸ்திரி காக்கா என்று கூப்பிடுவேன். உங்களுக்கெல்லாம் தெரியும், வங்காளத்தில் காக்கா என்றால் சித்தப்பா. ஆனால் அம்மா திருநெல்வேலியிலிருந்து கப்பலும் ரயிலுமாக வந்து இறங்கியவள். "காக்காவாம் காக்கா! பிண்டம் வைக்கவா கூப்பிடுதே?" என்று கத்துவாள். அவருக்கு இது தெரிந்ததும் எங்கள் சமையற்கட்டு வாசலில் நின்று, இரண்டு கையையும் மடக்கி அடித்துக்கொண்டு, 'கா கா' என்று கரைந்து காட்டினார். அம்மா சிரிப்பை அடக்க முடியாமல் முதுகைத் திருப்பிக்கொண்டாள். அன்றிலிருந்து பழைய சோற்றில் ஒரு கவளம் அவருக்கு என்று ஆயிற்று.

என் அப்பா ஆலை வைப்பதற்குமுன் சணல் ஏற்றுமதி செய்யும் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்தவர். கழுத்துப்பட்டையும் கறுப்புக் கோட்டும் போட்டுக்கொண்டு டிராமில் போய் வந்தவர். ஊரே சுதேசி சுதேசி என்று கொதித்துக்கொண்டிருந்த காலம் அது. தெருமுனையில் சீமைத் துணியைக் கொளுத்துவார்கள். மறுநாள் அந்தச் சாம்பலைக் காலில் மிதித்துக்கொண்டு பள்ளிக்கூடம் போவோம். அப்பாவுக்கும் அந்தக் காய்ச்சல் கண்டது. நம் மண்ணில் விளைகிற சணலை அவன் கப்பலில் ஏற்றிக்கொண்டுபோய் நூற்று நம்மிடமே விற்பதா என்றார். வேலையை விட்டார். ஊரில் பெரியப்பாவும் மற்றவர்களும் "பைத்தியமா பிடிச்சிருக்கு அவனுக்கு?" என்று கேட்டு எழுதினார்கள். அந்தக் கேள்விக்குப் பதிலாகத்தான் அப்பா ஆலையையே கட்டினார் என்று இப்போது தோன்றுகிறது. தோற்றால் அவருக்கு நஷ்டத்தைவிடப் பெரியப்பாவின் சிரிப்புத்தான் பெரிதாக இருந்திருக்கும்.

ஆலை என்றதும் கங்கைக் கரையில் புகைபோக்கி நீட்டிக்கொண்டு நிற்கிறதே, அந்த மாதிரி நினைக்காதீர்கள். காளிகாட்டில், ஆதி கங்கை என்று பெயர் மட்டும் மிச்சமிருக்கும் அந்தச் சாக்கடைக்குப் பக்கத்தில், தகரம் வேய்ந்த ஒரு கொட்டகை. அதையொட்டி இரண்டு அறையும் முற்றமுமாக எங்கள் வீடு. கொட்டகைக்குள் இருமிக்கொண்டே ஓடும் ஒரு சின்ன நீராவி எஞ்சின். ஒரு பெரிய ஆலையில் கழித்துப்போட்ட சிக்கெடுக்கும் உருளை ஒன்று, நூற்கும் இயந்திரம் ஒன்று. கடைகளில் பொட்டலம் கட்டுகிறார்களே, அந்தச் சுத்லி நூல்தான் எங்கள் சரக்கு. காளி கோயில் தெருவின் மிட்டாய்க் கடைகளில் சந்தேஷ் பெட்டியை எங்கள் நூலால் கட்டித் தந்தார்கள். அப்பா அந்தத் தெருவில் நடக்கும்போது மற்றவர்கள் அம்மனைப் பார்ப்பார்கள், இவர் மட்டும் முடிச்சைப் பார்ப்பார்.

காலையில் மேதினிப்பூர்ப் பக்கத்துப் பெண்கள் வந்து சணல் கட்டுகளைப் பிரிப்பார்கள். பச்சைச் சணல் தலைமயிர் மாதிரி முரடாக இருக்கும். எண்ணெயும் தண்ணீரும் கலந்து தெளித்து, அடுக்கி, சாக்கு போட்டு மூடி ஊறவைத்தால்தான் மெத்தென்று ஆகும். அப்புறம் உருளையின் பற்களில் அது கிழிபட்டு, திரியாகி, கதிரில் ஏறி முறுக்கிக்கொண்டு நூலாகும். கிழிபடும்போது பறக்கும் பிசிறுக்கு ஃபேசோ என்று பெயர். அது இல்லாத இடம் எங்கள் வீட்டில் கிடையாது. குழம்பில் மிதக்கும். அம்மா கூந்தலை அவிழ்த்தால் உதிரும். சாயங்காலம் வேலை முடிந்து வெளியே வரும் பெண்களுக்கு எல்லாம் ஒரே நாளில் நரைத்துப் போயிருக்கும். இப்போது கண்ணாடியில் என் தலையைப் பார்க்கும்போது, தட்டிவிட்டால் போய்விடும் என்று கை தானாக எழும்புகிறது.

அப்பாவுக்கு இங்கிலீஷ் வெள்ளைக்காரன் மாதிரி வரும். வங்காளி மட்டும் வராது. ஏட்டில் எழுதிவைத்துப் படித்தார், நாக்கு ஒத்துழைக்கவில்லை. ஒரு நாள் வேலைக்கு நேரம் கழித்து வந்த பெண்களை மிரட்டுவதற்கு, 'அடிப்பேன்' என்ற பொருளில் 'மார்போ' என்று சொல்ல வேண்டியவர், கம்பை ஓங்கிக்கொண்டு 'மோர்போ, மோர்போ' என்று முழங்கினார். மோர்போ என்றால் 'செத்துப்போவேன்'. அந்தப் பெண்கள் பதறிப்போய், "அப்படியெல்லாம் சொல்லாதீர்கள் பாபு, உங்களுக்கு என்ன குறை?" என்று ஆறுதல் சொன்னார்கள். மிஸ்திரி காக்கா எஞ்சினுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு வயிற்றைப் பிடித்துச் சிரித்தார். அப்பா அதைப் பார்த்துவிட்டார். அதற்குப் பிறகு நான்தான் அவருக்கு நாக்கு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும், "ஏட்டி, இங்க வா. இவன் என்ன சொல்லுதான்னு கேளு" என்று கொட்டகைக்குக் கூப்பிடுவார். நான் நடுவில் நின்று அங்கே ஒன்றும் இங்கே ஒன்றுமாகத் திருப்பிச் சொல்வேன். பெருமையாகத்தான் இருந்தது, பொய் சொல்வானேன்.

மிஸ்திரி காக்காவை உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அளப்பதில் மன்னர். கடிகாரம் இல்லாத கடிகாரச் சங்கிலி ஒன்றைச் சட்டையில் மாட்டிக்கொண்டு, நேரம் கேட்டால் சூரியனைப் பார்த்துச் சொல்வார். ஒரு லாட் சாகிபின் படகு எஞ்சினைத் தான் ஒற்றை ஆளாகப் பழுதுபார்த்ததாகச் சொல்வார். அடுத்த வாரம் அது இரண்டு படகாகியிருக்கும். கோபம் வந்தால் சுத்தியலை வீசுவார். சனிக்கிழமை குடித்துவிட்டுத் திங்கட்கிழமை கண் சிவந்து வருவார். இதெல்லாம் பின்னால் கோர்ட்டில் சொல்லப்பட்டது. இதில் ஒன்றுகூடப் பொய் இல்லை.

முதல் தகராறு எண்ணெயில் வந்தது. சணலுக்கும் இயந்திரத்துக்கும் பூமியிலிருந்து எடுக்கும் எண்ணெய்தான் வேண்டும் என்றார் அவர். அது பீப்பாயில் சீமைக் கம்பெனி முத்திரையோடு வருவது. அப்பா காதைப் பொத்திக்கொண்டார். "சீமை எண்ணெய ஊத்தி சுதேசி நூல் நூக்கவா? பூமிக்கடியில எந்தப் பிணத்துக் கொழுப்போ, யாரு கண்டா? நம்ம ஊரு மாதிரி நல்லெண்ணெய் வாங்கச் சொல்லு." எள்ளுக்கு வங்காளியில் தில். நல்லெண்ணெய் விலையைக் கேட்டதும் அப்பாவுக்கு மூச்சு நின்றது. செக்குக்காரன் அதைவிட மலிவாகத் திசி எண்ணெய் இருக்கிறது என்றான். திசி என்றால் ஆளி விதை. "தில்லோ திசியோ, விதையில ஆட்டுன எண்ணெதானே? ரெண்டும் அண்ணன் தம்பி மாதிரிதான் இருக்கும். வாங்கு" என்று அப்பா முடித்துவிட்டார்.

மிஸ்திரி காக்கா தலையில் அடித்துக்கொண்டார். அவர் மட்டும் அப்போது நிதானமாக ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும். ஆனால் அவர் சுபாவம் அது இல்லையே. கண்ணை உருட்டி, குரலைத் தாழ்த்தி, தான் முன்பு வேலை பார்த்த பெரிய ஆலையில் திசி எண்ணெய் ஊறிய ஃபேசோவில் ஒரு பேய் குடியேறியது என்றும், பூட்டிவைத்தால் அதற்கு மூச்சு முட்டிக் கோபம் வரும் என்றும், வாயைத் திறந்து நெருப்பை உமிழும் என்றும் ஒரு கதை சொன்னார். நான் ஒன்றுவிடாமல் தமிழில் சொன்னேன். அப்பா வாய்விட்டுச் சிரித்தார். "பேயாம்! போய் எஞ்சினப் பாக்கச் சொல்லு."

அதனால் திசி எண்ணெய் வந்தது. ஓவியக்காரன் வீட்டு வாசனை மாதிரி ஒரு வாசனை. முதலில் பிடிக்கும், அப்புறம் தலையை வலிக்கும். இயந்திரத்தின்மேல் அது காய்ந்து பிசின் மாதிரி ஒட்டிக்கொண்டது. மிஸ்திரி காக்கா அதைச் சுரண்டிச் சுரண்டி, என்னிடம் மட்டும், "குக்கி, உன் அப்பாவின் சுதேசி என் நகத்தைத் தின்கிறது" என்பார். குக்கி என்றால் சின்னப் பெண்ணே என்று அர்த்தம்.

இரண்டாவது தகராறுதான் அவரைக் கவிழ்த்தது என்று சொல்ல வேண்டும். புரட்டாசி பிறக்கும் சமயம் இங்கே விசுவகர்மா பூஜை வருகிறது அல்லவா? பட்டறைக்காரன், கொல்லன், மிஸ்திரி எவனும் அன்று கருவியைத் தொடமாட்டான். அவர் கொல்லர் சாதி. பிறந்ததிலிருந்து அந்த நாளில் வேலை செய்தறியாதவர். லீவு கேட்டார். அப்பா சொன்னார்: "கருவிக்கு வருசத்துல ஒரு நாள்தான் பூஜை. நம்ம ஆயுதபூஜை இன்னும் கொஞ்ச நாள்ல வருது. அன்னைக்கி எல்லாருக்கும் லீவு உண்டு. இவனுக்கு ஒண்ணு, நமக்கு ஒண்ணுன்னு ரெண்டு தடவ மூடினா ஆலை உருப்படுமா?" நான் மொழிபெயர்த்தேன். அவர் முகம் கறுத்தது. "என் சாமி உன் அப்பாவின் சாமி வரும்வரை வாசலில் காத்திருக்க வேண்டுமா என்று கேள்" என்றார். அதை நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அன்றைக்கே அடிதடி ஆகியிருக்கும்.

விசுவகர்மா பூஜையன்று காலையில் அவர் வந்தார். எஞ்சினைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். பிறகு கொட்டகையின் தகரக் கூரைமேல் ஏறி நின்று பட்டம் விட ஆரம்பித்தார். அன்றைக்குக் கல்கத்தா வானம் முழுக்கப் பட்டம்தான், நமக்குத் தெரியாததா? கண்ணாடித் தூள் தடவிய மாஞ்சா நூல் அவர் விரலை அறுத்து ரத்தம் சொட்டியது. அதை நக்கிக்கொண்டே அக்கம்பக்கத்துப் பட்டங்களை ஒன்றன்பின் ஒன்றாக அறுத்தார். ஒவ்வொன்று அறுபடும்போதும் "போ காட்டா!", அறுந்துபோச்சு என்று தெருவே கத்தியது. கீழே எஞ்சின் அணைந்து கிடந்தது. அப்பா முற்றத்தில் நின்று, "இறங்குலே! இறங்குலே!" என்று தமிழில் கத்திக்கொண்டிருந்தார். அதை மட்டும் மொழிபெயர்க்க நான் போகவில்லை. கூரையில் அவர் பக்கத்தில் நூல் சுற்றும் லாட்டாயைப் பிடித்துக்கொண்டு நின்றேன். மூங்கிலில் செய்து, பச்சையும் சிவப்பும் வரைந்த லாட்டாய். சாயங்காலம் அதை எனக்கே கொடுத்துவிட்டுப் போனார். அப்பா அவரை வேலையைவிட்டு நிறுத்தவில்லை. வேறு மிஸ்திரி அந்தச் சம்பளத்துக்கு வரமாட்டான். ஆனால் அன்றிலிருந்து அவர் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டு, 'அந்தப் பய' என்று ஆரம்பித்தார்.

அந்த நாட்களில் எங்கள் வீட்டுச் சாம்பல் பூனை கொட்டகை மூலையில் குட்டி போட்டிருந்தது. உருளைக்கு அடியில் விழும் ஃபேசோவைப் பெருக்கிக் குவித்திருப்பார்கள். தலையணைக்காரன் எப்போதாவது வந்து அள்ளிக்கொண்டு போவான். மழைக்காலம் முழுக்க அவன் வரவில்லை. குவியல் என் இடுப்பு உயரத்துக்கு வந்துவிட்டது. அதற்குள் கையை விட்டுக் குட்டிகளைத் தேடினேன். வடித்து இறக்கிய சோற்றுப் பானைக்குள் கையை விட்டது மாதிரி சுட்டது. அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அவளும் வந்து கையை விட்டுப் பார்த்து, வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள். அன்றைக்குச் சாப்பாடு போடும்போது அப்பாவிடம், "அந்தக் குப்பை பிள்ளப்பெத்தவ உடம்பு மாதிரி கொதிக்கி. என்னன்னு பாருங்க" என்றாள். "கம்பளி சூடா இருக்குல்லா? சணலும் அப்படித்தான். பூனைக்கிக் குளிருக்கு நல்லது" என்று அப்பா மோர் கேட்டார்.

ஆயுதபூஜை வந்தது. இயந்திரங்கள் எல்லாம் பளபளவென்று இருக்க வேண்டும் என்பது அப்பாவின் உத்தரவு. மிஸ்திரி காக்காவும் இரண்டு பெண்களும் பிசின் பிடித்த இரும்பையெல்லாம் திசி எண்ணெயால் துடைத்துத் துடைத்து, நனைந்த கந்தலை மூலைக் குவியல்மேல் எறிந்தார்கள். மத்தியானம் பூனை தன் குட்டிகளை ஒவ்வொன்றாக வாயில் கவ்விக்கொண்டு வந்து எங்கள் அரிசிப் பானைக்குப் பின்னால் சேர்த்தது. அம்மா, "பூஜை நாளும் அதுவுமா வீட்டுக்குள்ள கொண்டுட்டு வருதே சனியன்" என்று விரட்டினாள். அது போகவில்லை.

அப்பா எஞ்சினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்தார். உருளையின் பற்களுக்குச் செவ்வந்தி மாலை போட்டார். வாசலில் பூசணிக்காய் உடைந்தது. அம்மா குத்துவிளக்கை ஏற்றிக் கொண்டுவந்து கொட்டகை நடுவில் வைத்தாள். கற்பூரம் காட்டி, பொரிகடலை கொடுத்து, பெண்களை எல்லாம் அனுப்பியாயிற்று. விளக்கைச் சமையற்கட்டுக்கு எடுத்துப்போய்விட்டுக் கதவைப் பூட்டப்போகும் சமயம் மிஸ்திரி காக்கா ஒரு கூடையை எடுத்துக்கொண்டு வந்தார். மூலைக் குவியலை அள்ளி வெளியே கொட்டிவிட்டு வருகிறேன் என்றார்.

அப்பா குறுக்கே கையை நீட்டினார். "வேண்டாம்னு சொல்லு. விளக்கு வச்ச பெறவு குப்பைய வெளிய கொட்டினா லச்சுமி போயிருவா. நாளைக்கி மறுபூஜை முடியவும் அள்ளிக்கிடட்டும். அதுவரைக்கும் உள்ள ஒரு துரும்பும் அசையக்கூடாது."

நான் சொன்னேன். மிஸ்திரி காக்காவுக்குப் புரியவில்லை. வங்காளத்து லட்சுமிக்கும் குப்பைக்கும் இந்தக் கணக்கு இருக்கிறதோ என்னவோ. என்னைப் பார்த்து, அவசரமாக, இந்தத் தடவை பேயும் இல்லாமல் பிசாசும் இல்லாமல் சொன்னார்: "குக்கி, பாபுவிடம் சொல். எண்ணெய்க் கந்தலைக் குவித்துவைத்துக் கதவைப் பூட்டினால், ஆகுன் லேகே ஜாபே."

"என்ன சொல்லுதான்?"

"பூட்டி வச்சா தீப்பிடிச்சிரும்னு சொல்லுதாருப்பா."

அப்பாவின் முகத்தில் ரத்தம் ஏறியது. "நல்ல நாளும் அதுவுமா வாயில வாற வார்த்தையப் பாரு! விளக்கு வச்ச வீட்டுல நின்னுக்கிட்டுத் தீப்பிடிக்குமாம்லா! போகச் சொல்லு அவன!" சமையற்கட்டு வாசலில் அம்மா நின்றிருந்தாள். அவளுக்கும் அந்த அளவு வங்காளி தெரியும். மிஸ்திரி காக்கா கூடையை அங்கேயே போட்டு, அதை ஓர் உதை உதைத்துவிட்டுப் போனார். அப்பா பூட்டைப் போட்டுச் சாவியைச் சாமி படத்தின் முன்னால் வைத்தார்.

மறுநாள், தசமியன்று காலையில், எமகண்டம் கழிந்து மறுபூஜை என்று அப்பா நேரம் குறித்திருந்தார். தெரு முழுக்கத் தாக் மேளம். எங்கே பார்த்தாலும் சாம்பிராணிப் புகை. அதனால் எங்கள் கூரை இடுக்கில் புகை வந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்த வீட்டு மாஷிமாகூட, "தமிழர்கள் இவ்வளவு சாம்பிராணி போடுவார்களா?" என்று கேட்டிருக்கிறாள். பிறகு தகரம் 'படார் படார்' என்று தெறிக்கும் சத்தம் கேட்டது. அப்பா சாவியை எடுத்துக்கொண்டு ஓடிப்போய்க் கதவைத் திறந்தார். திறந்ததுதான் தாமதம், அடைந்து கிடந்த தீ காற்றைக் குடித்துக்கொண்டு எழுந்தது. ஆதி கங்கையிலிருந்து வாளி வாளியாகச் சேறு வந்தது. கோயிலுக்குப் போனவர்கள் எல்லாம் வேடிக்கை பார்த்தார்கள். ஓடி வந்தவர்களில் முதல் ஆள் மிஸ்திரி காக்கா. மாலை போட்ட உருளையை வெளியே இழுக்க உள்ளே போய், புருவமும் முன்மயிரும் கருகித் திரும்பினார். என் லாட்டாய் கொட்டகைச் சுவரில் ஆணியில் தொங்கியது. அதுவும் போயிற்று.

எஞ்சின் அணைந்து ஒரு நாள் ஆகியிருந்தது. உள்ளே விளக்கு இல்லை. பூட்டிய கதவு. அப்படியானால் நெருப்பு எங்கிருந்து வந்தது என்று தாரோகா கேட்டார். தொந்தி பெருத்த வங்காளி இன்ஸ்பெக்டர். பண்டிகையைக் கெடுத்துவிட்டோம் என்ற எரிச்சலில் வந்திருந்தார். அப்பா கருகிய நூலைக் கையில் பிடித்துக்கொண்டு முற்றத்துப் படியில் உட்கார்ந்திருந்தார். அந்தக் கேள்விக்குப் பதில் தனக்கே எதிரானது என்று அவருக்கு அந்த நிமிஷம் தெரிந்ததா? பெரியப்பாவின் சிரிப்பு அவர் காதில் கேட்டதா? நான் அறுபது வருஷமாக அவர் முகத்தை அந்தப் படியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

இங்கிலீஷில் பேசினார். எனக்குப் பாதிதான் புரிந்தது. லீவு கொடுக்காதது, பட்டம், கூடையை உதைத்தது எல்லாம் சொன்னார். பிறகு, அவன் சொன்ன வார்த்தையையே சொல்கிறேன் என்று, அந்தக் கரடுமுரடான வங்காளியில் சொன்னார்:

"ஆகுன் லாகியே தேபோ."

இதற்கு விளக்கம் உங்களுக்கு வேண்டியதில்லை. ஆனால் நம் பேரன் பேத்திகள் யாராவது படித்தால் என்று சொல்கிறேன். லேகே ஜாபே என்றால் தீப் பிடித்துவிடும். லாகியே தேபோ என்றால் தீ வைத்துவிடுவேன்.

"இல்லப்பா!" என்று கத்தினேன். தாரோகாவைப் பார்த்து வங்காளியில், "அவர் லாகியே தேபோ என்று சொல்லவில்லை. லேகே ஜாபே என்றார். எச்சரிக்கைதான் செய்தார்" என்றேன். மிஸ்திரி காக்கா கருகிய புருவத்தோடு என்னை நோக்கி ஓர் அடி எடுத்துவைத்தார். "சொல்லு குக்கி, இன்னொரு தடவை சொல்லு." சொன்னேன். தாரோகா அப்பாவைப் பார்த்தார். அப்பா என்னைப் பார்க்காமல் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். தாரோகாவின் மீசை அசைந்தது. என் தலையைத் தட்டி, "பட்டம் விடக் கற்றுக்கொடுத்தவனுக்கு வக்காலத்தா? வீட்டுக்குள்ளே போ" என்றார்.

நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். சமையற்கட்டு வாசலில், ஆயுதபூஜையன்று நின்ற அதே இடத்தில், அவள் நின்றிருந்தாள். கேட்டவள் அவள் ஒருத்திதான் பாக்கி. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

வழக்கு நடந்தபோது, "பிள்ளைய ஒரு தடவ கூட்டிட்டுப் போங்களேன்" என்று மட்டும் அவள் முனகியது எனக்குக் கேட்டது. "பொட்டப்பிள்ளயக் கோர்ட்டுக் கூண்டுல ஏத்தவா? நாளைக்கி யாரு கட்டுவா?" என்றார் அப்பா. அதோடு பேச்சு முடிந்தது. மிஸ்திரி காக்காவுக்குத் தண்டனை ஆயிற்று. ஒரு நாள் அவர் மனைவி வந்தாள், கையில் குழந்தையோடு. அம்மா அரிசியும் பருப்பும் முறத்தில் கொண்டுவந்து நீட்டினாள். அவள் தொடவில்லை. என்னைத்தான் பார்த்தாள். "என்ன சொன்னார் என்று நீ சொல்" என்றாள். லேகே ஜாபே என்றேன். "அவ்வளவுதானே" என்று சொல்லிவிட்டுப் போனாள். அம்மா அந்த முறத்தை வைத்த இடத்தைவிட்டு எடுக்காமல் சாயங்காலம்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தாள். விடுதலையான பிறகு அவர் சாந்த்ராகாச்சி ரயில் யார்டில் வேலைக்குச் சேர்ந்தார் என்று ஒருவர் சொன்னார், உள்ளேயே காய்ச்சலில் போய்விட்டார் என்று இன்னொருவர் சொன்னார். எந்த ரயிலில் சாந்த்ராகாச்சியைத் தாண்டினாலும், கரி படிந்த நீலச் சட்டைகளுக்கு நடுவில் ஒரு கடிகாரச் சங்கிலியைத் தேடுவேன்.

என் பெரிய பையன் இஞ்சினீயர். அவனிடம் ஒரு நாள் சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். ஆளி விதை எண்ணெய் காற்றுப்பட்டு உலரும்போது சூடேறும் அம்மா, நனைந்த கந்தலைச் சுருட்டி மூலையில் போட்டால் தானாகவே பற்றிக்கொள்ளும், விரித்துக் காயவைக்க வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீரில் முக்க வேண்டும், இது எந்தப் பட்டறைப் பையனுக்கும் தெரியும் என்றான். நல்ல காலம், ஏன் கேட்கிறாய் என்று அவன் கேட்கவில்லை.

அப்பாவுக்குத் தெரியாமல் நடந்த தப்பு என்றுதான் நீங்கள் இப்போது சொல்லப்போகிறீர்கள். மார்போவுக்கும் மோர்போவுக்கும் வித்தியாசம் தெரியாத மனுஷர், காதில் விழுந்ததைச் சொல்லிவிட்டார், பாவம் என்று. நானும் ஒரு வருஷம் அப்படித்தான் நினைத்திருந்தேன். அந்த ஒரு வருஷம் நான் அவரை மன்னித்துக்கூட இருந்தேன்.

அடுத்த ஆயுதபூஜை வந்தது. அப்பா பழைய கம்பெனிக்கே திரும்பிப்போய், கறுப்புக் கோட்டை மாட்டிக்கொண்டிருந்தார். பூஜைக்கு வைக்க எங்களிடம் அரிவாள்மணையும் அம்மாவின் கத்தரிக்கோலும் அப்பாவின் பேனாவும்தான். முற்றத்தில் கிடந்ததால் கருகாமல் தப்பிய பீப்பாயில் கொஞ்சம் திசி எண்ணெய் மிச்சம் இருந்தது. வீணாக்குவானேன் என்று அம்மா அதைத் தொட்டுத்தான் அரிவாள்மணையையும் கதவுக் கீலையும் துடைத்தாள். துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டாள். விளக்கு ஏற்றியாயிற்று. கற்பூரத் தட்டைக் கையில் எடுத்த அப்பா அதைக் கீழே வைத்தார். எழுந்துபோய் மூலையில் கிடந்த துணியை எடுத்தார்.

"விளக்கு வச்ச பெறவு குப்பைய வெளிய கொண்டுபோகாதீக" என்றாள் அம்மா. "ஒரு துணிதானே? கிடந்துட்டுப் போகுது. நாளைக்கிப் போட்டாப் போச்சு."

அப்பா நிற்கவில்லை. முற்றத்துத் தொட்டித் தண்ணீரில் அதை முக்கினார். பிழிந்து, சுருக்கம் இல்லாமல் உதறி, கொடியில் நன்றாக விரித்துப் போட்டார். எங்களுக்கு முதுகு காட்டிக்கொண்டு, யாருக்கும் சொல்லாத மாதிரி, வாய்க்குள்ளேயே சொன்னார்:

"ஆகுன் லேகே ஜாபே."

ஒரு பிழை இல்லை. அந்த மனிதர் அன்றைக்குச் சொன்ன அதே வார்த்தை, அதே இழுப்பு. அம்மாவின் கையில் இருந்த மணி ஒரு தரம் கிணுங்கி நின்றது. அப்பா திரும்பினார். நான் நிற்பதைப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, "கற்பூரத்தக் கொளுத்துட்டி" என்றார்.